செலவுக் கணக்கும் செல்வாக்கும்

(மூன்றாம் ஆண்டு பி.ஏ., அரசியல் அறிவியல்)

அமெரிக்க அரசியலைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் நம் வகுப்பறைகளில் தவறாமல் எழும் கருத்து ஒன்று உண்டு. அங்கே பணம்தான் ஆள்கிறது, எந்தக் குழு மிகுதியாகச் செலவழிக்கிறதோ அதன் சொல்லே சட்டமாகிறது என்பர். பேச்சுப் போட்டி மேடையில் இதை முழங்குவோருக்குக் கைதட்டல் உறுதி. தேர்வில் 'அழுத்தக் குழுக்கள்' என்ற வினாவுக்கும் நம்மில் பலர் இந்த ஒரு வரியைக் கொண்டே இரண்டு பக்கம் நிரப்பிவிடுகிறோம். பணத்துக்கு அந்நாட்டு அரசியலில் பேரிடம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் செலவுத் தொகையைக் கொண்டு செல்வாக்கை அளந்துவிடலாம் என்பது வேறு கூற்று. அதனை ஆராயாமல் ஏற்பதற்கில்லை.

முதலில் அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சட்டமியற்றுவோரையும் உயர் அதிகாரிகளையும் அணுகித் தம் பக்கம் இணங்கச் செய்யும் தொழிலை அமெரிக்கர் 'லாபி' என்பர். இத்தொழிலைப் பதிவு செய்யுமாறு 1946-லேயே ஒரு சட்டம் வந்தது. ஓட்டைகள் மிகுந்த அச்சட்டத்தை நீக்கிவிட்டு 1995-ல் புதிய வெளிப்படுத்தல் சட்டம் இயற்றினர். 2007-ல் செய்த திருத்தத்தின்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு கொடுத்தாக வேண்டும். இன்னாருக்காக, இன்ன பொருள் குறித்து, இவ்வளவு தொகை என்று எழுதித் தர வேண்டும். அதை யாரும் பார்க்கலாம். இவ்வகையில் அந்நாட்டைப் பாராட்டத்தான் வேண்டும். நம் நாட்டில் இப்படி ஒரு ஏடே இல்லை.

அந்த ஏடுகளைக் கூட்டிப் பார்த்தால் 1998-ல் ஏறத்தாழ 145 கோடி டாலராக இருந்த செலவு 2024-ல் 440 கோடி டாலர் அளவுக்கு வந்துவிட்டது. கேட்டவுடன் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே 2024 நிதியாண்டில் அமெரிக்கக் கூட்டரசு செலவிட்ட தொகை சுமார் 6,75,000 கோடி டாலர். அதாவது, அரசு ஆயிரம் டாலர் செலவிடும்போது அதன் போக்கைத் திருப்ப முயல்வோர் செய்யும் செலவு அறுபத்தைந்து சென்ட். இவ்வளவு பெரிய பண்டத்துக்கு இவ்வளவு சிறிய விலையா? பொருளியல் அறிஞர் கார்டன் டல்லக் 1972-ல் எழுப்பிய ஐயமும் இத்தகையதே. அரசை விலைக்கு வாங்க முடியுமானால் விலை ஏன் இத்தனை மலிவாக இருக்கிறது என்றார் அவர்.

இனி இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை வைத்து இந்த அளவுகோலைச் சோதிப்போம்.

தேசிய ரைபிள் சங்கம் என்பது 1871-ல் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்காகத் தொடங்கப் பெற்ற அமைப்பு. பிற்காலத்தில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எதிர்க்கும் பெருங்கோட்டையாக அது மாறியது. 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் இருபது பச்சிளங் குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாடே கதறிற்று. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை ஆராய வேண்டும் என்பதற்குப் பத்தில் ஒன்பது பேர் ஆதரவு என்று கருத்துக் கணிப்புகள் கூறின. 2013 ஏப்ரலில் அதற்கான திருத்தம் செனட்டில் வந்தது. ஆதரித்தோர் 54, எதிர்த்தோர் 46. பெரும்பான்மை இருந்தும் திருத்தம் தோற்றது. ஏனெனில் அங்கே வழியடைப்பைத் தாண்ட 60 வாக்குகள் வேண்டும்.

அந்த ஆண்டு ரைபிள் சங்கம் லாபிக் கணக்கில் காட்டிய செலவு முப்பது நாற்பது லட்சம் டாலர் அளவிலேயே நின்றது. அதே ஆண்டில் அமெரிக்க வர்த்தக சபை காட்டியதோ 7 கோடி டாலருக்கும் மேல். செலவுதான் செல்வாக்கு என்றால் ரைபிள் சங்கத்தைப் பட்டியலில் எங்கோ அடியில் தேட வேண்டும். ஆனால் அக்காலத்தில் வாஷிங்டனில் அதைக் கண்டு அஞ்சாதவர் அரிது. காரணம் என்ன? ஐம்பது லட்சம் உறுப்பினர் என்று அது சொல்லிக்கொண்டது. அவர்கள் வேறு எதையும் பாராது துப்பாக்கி ஒன்றையே பார்த்து வாக்களிக்கக் கூடியவர்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் நம் பள்ளிகளில் போடுவதைப் போல ஏ முதல் எஃப் வரை தரம் போட்டு அவர்களுக்கு அனுப்பி வைத்தது சங்கம். வேட்பாளர் அஞ்சியது சங்கத்தின் காசோலையை அன்று, அந்தத் தரச் சீட்டை.

மறு பக்கத்தில், நியூயார்க் நகரின் முன்னாள் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காக 5 கோடி டாலர் செலவிடப் போவதாக 2014-ல் அறிவித்தார். ஆயினும் கூட்டரசு அளவில் குறிப்பிடத்தக்க சட்டம் வர 2022 ஜூன் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவும் டெக்சாசின் உவால்டே பள்ளியில் பத்தொன்பது குழந்தைகள் மாண்ட பிறகு.

அடுத்தது மருந்து. இங்குதான் கணக்கு இன்னும் விந்தையாகப் பேசுகிறது. 2003-ல் முதியோர் மருத்துவக் காப்பீட்டில் மருந்துச் செலவையும் சேர்த்து ஒரு சட்டம் வந்தது. நவம்பர் 22 விடியற்காலை பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு நடந்தது. வழக்கமாகப் பதினைந்து நிமிடத்தில் முடிவது, ஏறத்தாழ மூன்று மணி நேரம் இழுக்கப்பட்டு 220-க்கு 215 என்று நிறைவேறியது. அச்சட்டத்தில் ஒரு சிறு விதி: மருந்துக் கம்பெனிகளோடு அரசு விலை பேசக் கூடாது! கோடிக்கணக்கான முதியோருக்கு மருந்து வாங்கும் அரசு பேரம் பேசலாகாதாம். நம் ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கும் பாட்டிக்கு உள்ள உரிமை அமெரிக்க அரசுக்கு இல்லை. அம்மசோதாவைக் கொண்டு செலுத்திய குழுத் தலைவர்களில் ஒருவரான பில்லி டாசின் 2005-ல் மருந்துக் கம்பெனிகள் சங்கத்தின் தலைவர் பதவியில் போய் அமர்ந்தார். அந்த நாற்காலியின் விலை லாபி ஏட்டில் எந்தப் பத்தியில் வரும்?

பிறகு 2022-ஐப் பாருங்கள். அந்த ஆண்டு மருந்துத் தொழில் முழுவதுமாக 37 கோடி டாலருக்கு மேல் லாபிக்குச் செலவிட்டது. எல்லாத் தொழில்களிலும் முதலிடம். அந்த ஆண்டிலேதான் அத்தொழில் தோற்றது. ஆகஸ்டில் வந்த சட்டம், குறிப்பிட்ட சில மருந்துகளுக்கு அரசு விலை பேசலாம் என்று வழி திறந்துவிட்டது. மிகுதியாகச் செலவழித்த ஆண்டே தோல்வியுற்ற ஆண்டு! மருத்துவச் செலவு அதிகமாகும் வீட்டில் உடல்நலம் அதிகம் என்று யாரேனும் சொல்வரா? செலவு என்பது பல வேளைகளில் காய்ச்சலின் அளவு, வலிமையின் அளவன்று. ஆபத்து நெருங்கும்போதுதான் கம்பெனிகள் கஜானாவைத் திறக்கின்றன.

அதற்காக அந்தப் பணம் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. விலை பேசத் தொடங்கியது முதலில் பத்தே மருந்துகளுக்கு. அந்த விலைகள் நடைமுறைக்கு வந்தது 2026 ஜனவரியில். புதிய மருந்துகளுக்குப் பல ஆண்டு விலக்கு. போதாததற்கு 2025 ஜூலையில் வந்த வேறொரு பெருஞ்சட்டத்துக்குள் அரிய நோய்களுக்கான மருந்துகளின் விலக்கை இன்னும் விரிவாக்கிக் கொண்டனர். எனவே 2022-ல் மருந்துக் கம்பெனிகள் தோற்றனவா, குறைவாகத் தோற்றனவா என்பதை 37 கோடி என்ற எண் சொல்லாது. சட்டத்தின் வாசகத்தைப் படித்தால்தான் தெரியும்.

மூன்றாவதாக ஒரு சிறு செலவுக்காரரையும் காட்டுகிறேன். அமெரிக்கர் வருமான வரிப் படிவத்தை நிரப்ப 'டர்போடாக்ஸ்' போன்ற கட்டண மென்பொருள்களை நாடுகின்றனர். அதை விற்கும் இன்டியூட் கம்பெனியின் லாபிச் செலவு ஆண்டுக்குச் சில பத்து லட்சம் டாலரே. பெருந்தலைகளின் முன் அது கொசு. 2002-ல் வரித் துறையும் இத்தகைய கம்பெனிகளும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. கம்பெனிகள் வருவாய் குறைந்தோருக்கு இலவசச் சேவை தரும். பதிலுக்கு வரித் துறை தானே இலவச மென்பொருள் வைத்துப் போட்டியிடாது. இந்த வாக்குறுதி 2019 இறுதிவரை நின்றது. பின்னர் 2024-ல் வரித் துறை தன் சொந்த இலவச முறையைப் பன்னிரண்டு மாநிலங்களில் சோதனையாகத் தொடங்கி அடுத்த ஆண்டு இருபத்தைந்துக்கு விரித்தது. 2026-க்கு அது இல்லை என்று நிறுத்தப்பட்டுவிட்டது. ஒன்றை நடக்கவிடாமல் வைத்திருப்பதற்கு ஆகும் செலவு, ஒன்றை நடத்திக் காட்டும் செலவில் ஒரு சிறு பங்குதான்.

நம் கிராமங்களிலும் இது கண்கூடு. தாலுகா அலுவலக வாசலில் மனுவோடு வாரம் மூன்று நாள் நிற்பவருக்குப் பேருந்துச் செலவு, படிவச் செலவு, தேநீர்ச் செலவு எல்லாம் உண்டு. ஊரில் ஒருவர் அந்தப் படியை மிதிப்பதே இல்லை. ஆனால் அவர் நிலத்தருகே வாய்க்கால் திரும்பாது. செலவுக் கணக்கை மட்டும் பார்த்தால் மனுக்காரர்தான் செல்வாக்குள்ளவர்!

பீட்டர் பாக்ராக், மார்ட்டன் பாராட்ஸ் என்ற இருவர் 1962-ல் அதிகாரத்துக்கு இரண்டு முகம் உண்டு என்று எழுதினர். மேடைக்கு வந்த விவாதத்தில் வெல்வது ஒரு முகம். விவாதமே மேடைக்கு வராமல் பார்த்துக்கொள்வது மற்றொரு முகம். நம் பேராசிரியர்கள் இதைப் பாடத்தில் சொல்வதுண்டு. நாம்தான் அதைத் தேர்வோடு விட்டுவிடுகிறோம். இரண்டாம் முகத்துக்கு ரசீது கிடையாது.

இது ஒருபுறம் இருக்க, அந்த ஏட்டில் எழுதப்படும் எண்ணே ஒரே படியால் அளக்கப்பட்டதன்று. கணக்கு கொடுப்பதற்கு இரு முறைகள் அனுமதிக்கப்பட்டுள்ளன. வெளிப்படுத்தல் சட்டத்தின் வரையறைப்படி கொடுத்தால் பொதுமக்களைத் தூண்டிவிடும் விளம்பரமும் மாநில அரசுகளிடம் செய்யும் முயற்சியும் சேராது. வருமான வரிச் சட்டத்தின் வரையறைப்படி கொடுத்தால் அவை சேரும். வர்த்தக சபை இரண்டாம் முறையைக் கையாள்வது. அதன் தொகை வானளாவத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒருவர் மரக்காலாலும் மற்றொருவர் ஆழாக்காலும் அளந்த நெல்லை வைத்து இவன் வயல் பெரிது என்று தீர்ப்புச் சொல்வது தகுமா?

மேலும், ஒரு வாடிக்கையாளருக்காக உழைக்கும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாக லாபி செய்பவர் பதிவு செய்ய வேண்டியதே இல்லை. செனட்டில் பெரும்பான்மைத் தலைவராக இருந்த டாம் டாஷல் 2004 தேர்தலில் தோற்ற பிறகு ஒரு சட்ட நிறுவனத்தில் 'ஆலோசகர்' ஆனார். லாபியாளராகப் பதிவு செய்துகொண்டதோ 2016-ல். இடைப்பட்ட காலத்தில் அந்த ஓட்டைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டனர். தேர்தலுக்குக் கொட்டும் பணமும் இந்த ஏட்டில் வராது. அது தேர்தல் ஆணையத்தின் வேறு ஏடு. மேற்சொன்ன ரைபிள் சங்கம் 2016 தேர்தலில் 5 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டது அங்கேதான் காணக் கிடைக்கும்.

ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு பற்றிய சண்டை உச்சத்தில் இருந்த 2012 டிசம்பரில், வால்மார்ட் கம்பெனி அமெரிக்காவில் கொடுத்த லாபிக் கணக்கு செய்தியானது. 2008 முதல் இரண்டரைக் கோடி டாலர், ஏறத்தாழ 125 கோடி ரூபாய். 'இந்தியச் சந்தையில் முதலீட்டுக்கு வழி' என்பது அந்தக் கணக்கில் குறித்திருந்த பொருள்களில் ஒன்று. நாடாளுமன்றம் அமளியில் முழுகியது. இந்தியாவில் 125 கோடி லஞ்சம் என்றே பலர் பேசினர். ஆனால் அந்தத் தொகை, அமெரிக்க அரசிடம் அக்கம்பெனி வரி, தொழிலாளர், வாணிபம் என்று பல பொருள்கள் பற்றிப் பேசியதன் மொத்தம். இன்ன பொருளுக்கு இவ்வளவு என்று அந்தப் படிவம் பிரித்துக் கேட்பதில்லை. ஓய்வு பெற்ற நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் 2013 ஜனவரியில் விசாரணை ஒன்றும் அமைந்தது.

வால்மார்ட்டுக்காக நான் வழக்காடவில்லை. தெருமுனை மளிகைக் கடைக்காரரின் பக்கமே என் மனம் நிற்கிறது. ஆயினும் கேட்க வேண்டிய கேள்வி வேறாக இருந்தது: புது டில்லியில் யார் யாரைச் சந்தித்தார்? எந்த விதியின் வாசகம் எந்தத் தேதியில் மாறிற்று? 125 கோடி என்ற எண்ணின் ஓசையில் அந்தக் கேள்வி அமுங்கிப் போயிற்று. இறுதியில் அக்கம்பெனி இந்நாட்டுச் சில்லறை வணிகத்துக்குள் பெரிதாகக் கால் வைத்தது, அந்த 2012 விதியைக் கொண்டு அன்று. 2018-ல் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட்டை வாங்கியதன் மூலம்.

"அப்படியானால் பணத்துக்கு மதிப்பே இல்லை என்கிறாயா?" என்று என் வகுப்பு நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர்கள் கையில் ஒரு வலுவான சான்றும் உண்டு. 2004-ல் வந்த ஒரு சட்டம், வெளிநாட்டில் ஈட்டிய லாபத்தை உள்நாட்டுக்குக் கொண்டுவரும் கம்பெனிகளுக்கு ஒரு முறை மட்டும் 35 விழுக்காட்டு வரியை 5.25 ஆக்கிற்று. கன்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 93 கம்பெனிகளை எடுத்துக் கணக்கிட்டு, லாபிக்குப் போட்ட ஒவ்வொரு டாலருக்கும் 220 டாலர் கிடைத்தது என்றனர். உலகில் எந்த வங்கியும் தராத வட்டி! ஆனால் நின்று யோசிக்க வேண்டும். ஒன்றுக்கு இருநூற்றிருபது உறுதியாகக் கிடைக்குமானால் எல்லாக் கம்பெனிகளும் தம் சொத்தையெல்லாம் அங்கேயே கொட்டாவா? வென்ற ஒரு வழக்கை எடுத்து வகுத்தால் ஈவு பெரிதாகத்தான் வரும்; தோற்ற முயற்சிகளின் செலவு அந்த வகுத்தலில் இல்லை.

தோற்றவற்றையும் சேர்த்துப் பார்த்தோர் இருக்கின்றனர். பிராங்க் பாம்கார்ட்னர், ஜெஃப்ரி பெர்ரி முதலிய ஐவர் 98 பிரச்சினைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2009-ல் ஒரு நூல் வெளியிட்டனர். எந்தப் பக்கத்தில் பணம் அதிகம் என்பதற்கும் எந்தப் பக்கம் வென்றது என்பதற்கும் பெரிய தொடர்பு ஒன்றும் அவர்கள் கண்ணுக்குப் படவில்லை. பாதிக்கும் மேற்பட்டவற்றில் எந்த மாற்றமும் நிகழாமல் இருந்தபடியே இருந்தது. ஆகா, பணம் தோற்றது என்று மகிழ வேண்டாம். இருந்தபடியே இருப்பதுதான் வசதி படைத்தோருக்கு வேண்டியது. அதில் அவர்களுடைய பழைய வெற்றிகள் எல்லாம் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன.

எனவே செலவு ஏட்டுக்கு ஒரு பயன் உண்டு என்றே நான் கொள்கிறேன். ஆனால் அது வேறு பயன். யார் வென்றார் என்பதை அது சொல்லாது. யார் அறைக்குள் இருந்தார், யார் வெளியே நின்றார் என்பதைச் சொல்லும். லீ டிரட்மன் என்பவர் 2015-ல் எழுதிய நூலில், தொழிற்சங்கங்களும் பொதுநல அமைப்புகளும் சேர்ந்து ஒரு டாலர் செலவிட்டால் கம்பெனிகள் 34 டாலர் செலவிடுகின்றன என்று காட்டினார். அதிகம் செலவழிக்கும் நூறு அமைப்புகளில் 95 வணிகர் பக்கத்தவை. இந்த எண் எனக்கு அச்சம் தருகிறது. ஒரு குழு மற்றொன்றை வென்றது என்பதால் அன்று. பெரும்பாலான அறைகளில் மறுபக்கத்து ஆளே இல்லை என்பதால். எதிரில் ஆள் இல்லாத இடத்தில் குறைந்த செலவே போதும்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கும் இத்தொழிலைப் பதிவு செய்ய ஒரு சட்டம் வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. வால்மார்ட் அமளிக்குப் பின் 2013-ல் மக்களவையில் தனி உறுப்பினர் மசோதா ஒன்று வந்து, சட்டமாகாமலே போயிற்று. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தைச் செல்லாது என்றபோது, கட்சிகளுக்கு யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலை நாம் முதன்முறையாகப் பார்த்தோம். அப்போதும் தொகையைத்தான் வரிசைப்படுத்திப் பேசினோம். கொடுத்த தேதிக்கு முன்னும் பின்னும் எந்த ஆணை வந்தது, எந்த ஆணை வராமல் நின்றது என்று பொறுமையாக ஒப்பிட்டோர் சிலரே.

சட்டம் வருமானால் அமெரிக்கப் படிவத்தை அப்படியே எடுத்துக்கொள்வது எனக்கு உடன்பாடன்று. கனடா நாட்டு முறை நமக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். 2008-ல் நடைமுறைக்கு வந்த அவர்களது சட்டம் செலவுத் தொகையைக் கேட்பதே இல்லை. அமைச்சர், உறுப்பினர், உயர் அதிகாரி ஆகியோரை ஏற்பாடு செய்து சந்தித்துப் பேசினால், அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் யாரை, எந்நாளில், எப்பொருள் பற்றி என்று பதிவு செய்ய வேண்டும். தொகையை மறைப்பது எளிது. ஆலோசனைக் கட்டணம் என்றோ நன்கொடை என்றோ வேறு பெயர் சூட்டிவிடலாம். சந்திப்பு நடந்த தேதியை மறைப்பது சற்றுக் கடினம், ஏனெனில் அதற்கு இருபுறமும் ஆள் உண்டு.

இதற்கு நாம் புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. மசோதாவின் வரைவைக் குறைந்தது முப்பது நாள் மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தைத் துறையின் இணையதளத்தில் போட வேண்டும் என்று 2014-லேயே மத்திய அரசு ஒரு கொள்கை வகுத்திருக்கிறது. பல மசோதாக்களுக்கு அது பின்பற்றப்படவில்லை. சுருக்கம் என்பதைக் கருத்து சொன்னவர்களின் முழுப் பட்டியல் என்று மாற்றி, அதைக் கட்டாயமாக்கினால் போதும். நம் துறை மாணவர் மன்றம் வரும் ஆண்டில் ஒரு மசோதாவை எடுத்து, அதன் முதல் வரைவையும் நிறைவேறிய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறிய வரிகளைச் சிவப்பு மையால் கோடிட்டுப் பார்க்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனுவுக்கு ஆகும் கட்டணம் பத்து ரூபாய்.